ஊர் வளர்த்த பள்ளிக்கூடம்

ஒரு தேசத்தைப் பார்க்கப் போகிறவர்கள் சாதாரணமாக அதன் மாளிகைகளையும் பொருட்காட்சிச் சாலைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் விஷய ஞானம் உள்ளவர்கள் சட்ட சபையையும் நியாய ஸ்தலங்களையும் எட்டிப் பார்க்கிறார்கள். நம்மைக் கேட்டால், இரண்டே இரண்டு பள்ளிக்கூடங்களைப் பார்த்து வந்தால் போதும் என்போம். ஒன்று, செல்வர்கள் குடியிருக்கும் பேட்டையில் உள்ள சர்க்கார் பள்ளிக்கூடம். மற்றொன்று, ஏழைகள் குடியிருக்கும் பேட்டையில் உள்ள சர்க்கார் பள்ளிக்கூடம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவுதான் அந்தத் தேசத்தின் கொள்கைக்கும் நடத்தைக்கும் உள்ள தூரம்.

இந்த வாரம் நேயர்களை அமெரிக்காவில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போக எண்ணுகிறோம். சிகாகோ நகருக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக் கரையோரமாக, வின்னெட்கா என்று ஓர் அழகிய ஊர் இருக்கிறது. நிழல் தரும் மரங்கள், அகலமான புல்வெளிகள், விசாலமான வீடுகள். அந்த ஊரில் இருப்பது 'நியூ ட்ரியர் டவுன்ஷிப் ஹைஸ்கூல்'. அமெரிக்காவில் சர்க்கார் உயர்தரப் பாடசாலைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இதன் பெயர் அடிபடாமல் இருப்பது அரிது. புகழ்கிறவர்களும் இதைச் சொல்லிப் புகழ்கிறார்கள். குறை கூறுகிறவர்களும் இதைக் காட்டித்தான் குறை கூறுகிறார்கள்.

பெயரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ட்ரியர் நகரத்துப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், தாய் நாட்டை மறக்க மனமில்லாமல், புது நிலத்துக்குப் 'புது ட்ரியர்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பழைய ட்ரியரில் 1818-ம் வருஷம் பிறந்த ஒரு குழந்தைக்குக் கார்ல் மார்க்ஸ் என்று பெயர். பொதுவுடைமைச் சித்தாந்தத்தை வகுத்தவருடைய ஊர்ப் பெயரை, அமெரிக்காவிலேயே மிகச் செழிப்பான பிரதேசங்களில் ஒன்று தாங்கிக்கொண்டிருக்கிறது! சரித்திர தேவதைக்கும் ஹாஸ்ய உணர்ச்சி உண்டு என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

'டவுன்ஷிப்' என்ற சொல்லும் சற்று விளக்கம் வேண்டுவது. அமெரிக்கா சுதந்திரம் அடைந்த புதிதில், 1785-ம் வருஷத்தில், மேற்கே கிடந்த பரந்த நிலத்தை எப்படி அளந்து விற்பது என்று ஒரு சட்டம் செய்தார்கள். நிலம் முழுவதையும் பக்கத்துக்கு 6 மைல் உள்ள சதுரங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு சதுரமும் ஒரு டவுன்ஷிப். அதை மறுபடி 36 பாகங்களாகப் பிரிக்க வேண்டும்; பாகம் ஒன்றுக்கு ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அந்த 36-ல் 16-ம் எண்ணுள்ள பாகம் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். ஊர் தோன்றுவதற்கு முன்பே, அந்த ஊர்க் குழந்தைகளின் படிப்புக்கு மானியம் விட்டுவிட்டார்கள்! கோயிலுக்கும் சத்திரத்துக்கும் மானியம் விட்ட பரம்பரையில் வந்த நமக்கு, இந்த ஏற்பாட்டின் அருமை எளிதில் விளங்கும்.

ஆனால் அதில் ஒரு வித்தும் மறைந்திருந்தது. பள்ளிக்கூடம் என்பது ராஜாங்கம் நடத்துவதன்று, ஊர் நடத்துவது என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது. அந்த வித்து பிற்பாடு என்ன மரமாயிற்று என்பதே நம்முடைய கதை.

* * *

ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு வரி கொடுக்க அமெரிக்க ஜனங்கள் சீக்கிரமே இணங்கிவிட்டார்கள். ஹைஸ்கூல் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. பொது ஜனங்களுடைய செலவில் நடக்கும் முதல் ஹைஸ்கூல் 1821-ம் வருஷத்தில் பாஸ்டன் நகரத்தில் ஏற்பட்டது. எனினும் அதற்குப் பின் ஐம்பது வருஷங்கள் கழிந்தும், "எழுதப் படிக்கக் கற்றுக் கொடுப்பது சரி, லத்தீன் பாஷையும் க்ஷேத்திர கணிதமும் படிக்க ஆசைப்படுகிறவன் தன் பணத்தில் படிக்கட்டுமே? அதற்கு என் வீட்டுக்கு ஏன் வரி?" என்று கேட்டவர்கள் பலர் இருந்தார்கள். மிச்சிகன் ராஜ்யத்தில் கலமஸூ என்னும் ஊரில் வரி செலுத்துவோர் சிலர் வழக்கே தொடுத்தார்கள். அந்த ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட்டு 1874-ல் தீர்ப்புச் சொல்லிற்று. தீர்ப்பை எழுதியவர் தாமஸ் கூலி என்னும் நீதிபதி. ஊர் ஜனங்கள் சம்மதித்தால் ஹைஸ்கூலுக்கும் வரி விதிக்கலாம் என்பது அதன் சாரம். மற்ற ராஜ்யங்களும் இந்தத் தீர்ப்பை ஆதாரமாகக் கொண்டன.

அணை உடைந்தது போல் ஆயிற்று. 1910-ம் வருஷத்தில் அமெரிக்க இளைஞர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட ஹைஸ்கூல் படிப்பை முடிக்கவில்லை. 1940-ல் ஏறக்குறையப் பாதிப் பேர் முடித்தார்கள். முப்பதே வருஷங்களில் இப்படி ஒரு மாறுதல்! வாஷிங்டனிலிருந்து உத்தரவு பிறந்து நடந்த காரியம் இது அன்று. ஆயிரக் கணக்கான சிற்றூர்கள் தாங்களாகவே கூடி, தங்கள் மீது தாங்களே வரி விதித்துக்கொண்டு, தங்கள் பிள்ளைகளுக்காகச் செய்த காரியம். தன் மீது தானே வரி போட்டுக்கொள்ளும் மனிதனை உலகத்தில் எங்கே காண்பது? அமெரிக்கச் சிற்றூர்களில் கண்டோம். இந்தப் பெருமையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

நியூ ட்ரியர் பள்ளிக்கூடம் இந்த அலையின் தொடக்கத்தில், 1901-ம் வருஷத்தில், திறக்கப்பட்டது. சிகாகோவிலிருந்து ஏரிக் கரையோரமாக ரயில் பாதை 1855-லேயே போடப்பட்டிருந்தது. 1871-ல் சிகாகோ நகரத்தில் ஏற்பட்ட பெருந்தீக்குப் பிறகு, கையில் பணமுள்ள குடும்பங்கள் நகரத்தின் புகையையும் நெருக்கடியையும் விட்டு வடக்கே வர ஆரம்பித்தன. கணவன் காலை ரயிலில் நகரத்துக்குப் போய்ப் பொருள் ஈட்டுவான். மனைவியும் மக்களும் மர நிழலில் இருப்பார்கள். வின்னெட்கா, வில்மெட், கெனில்வொர்த், கிளென்கோ ஆகிய ஊர்கள் இப்படி வளர்ந்தவை. ஒவ்வோர் ஊரும் தனித்தனியே ஹைஸ்கூல் நடத்துவது சிரமமாகையால், டவுன்ஷிப் முழுவதும் சேர்ந்து ஒன்றைக் கட்டிக்கொண்டது.

* * *

அந்தப் பள்ளிக்கூடத்தின் சிறப்பு அதன் கட்டடத்தில் இல்லை என்பது நம் கருத்து. 1920-களில் அங்கே ஓர் ஏற்பாடு வேரூன்றியது. ஒவ்வோர் உபாத்தியாயரிடமும் இருபது முப்பது பிள்ளைகளை ஒப்படைத்துவிடுவார்கள். அவர் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர் அல்லர். 'ஆலோசகர்' என்று பெயர். தினம் காலையில் பிள்ளைகள் முதலில் அவரிடம் வந்து சேர வேண்டும். யார் முகம் வாடியிருக்கிறது, யாருடைய மார்க்கு இறங்கியிருக்கிறது, யார் வீட்டில் என்ன சங்கடம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆதியில் அந்த உபாத்தியாயர் தம்முடைய பிள்ளைகளின் வீடுகளுக்கே சென்று பெற்றோருடன் உட்கார்ந்து பேசுவது வழக்கம். ஆயிரக் கணக்கான மாணவர்கள் படிக்கும் பள்ளியில் ஒரு பிள்ளைகூடப் பெயரற்ற பிள்ளையாக இருக்கக் கூடாது என்பது நோக்கம். ஒரு நூற்றாண்டாக அந்த ஏற்பாடு நிலைத்து நிற்கிறது.

அந்த வட்டாரமே படிப்பு விஷயத்தில் புதுமை நாடியதுதான். வின்னெட்காவின் ஆரம்பப் பள்ளிகளுக்கு 1919-ல் கார்ல்டன் வாஷ்பர்ன் என்பவர் தலைவராக வந்து 1943 வரையில் இருந்தார். வகுப்பு முழுவதும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்ற நியதியை அவர் தள்ளிவிட்டார். ஒவ்வொரு குழந்தையும் தன் சக்திக்கு ஏற்றபடி கணக்கிலும் பாஷையிலும் முன்னேறலாம். ஒரு பாடம் நன்றாகத் தெரிந்த பிறகுதான் அடுத்த பாடம். மற்ற நேரத்தில் எல்லோரும் கூடிப் பாட்டு, நாடகம், கைத்தொழில். 'வின்னெட்கா முறை' என்று கல்வி நூல்களில் இதற்கு இடம் கிடைத்தது. இப்படி வளர்ந்த குழந்தைகள்தாம் பிறகு நியூ ட்ரியருக்குப் போனார்கள்.

அங்கே படித்தவர்களின் ஜாபிதா நீளமானது. சினிமா நடிகர்கள் சார்ல்டன் ஹெஸ்டனும் ராக் ஹட்ஸனும் அங்கே படித்தவர்கள். பிற்காலத்தில் அமெரிக்காவின் யுத்த இலாகாவை நிர்வகித்த டொனால்ட் ரம்ஸ்பெல்டும் அங்கே படித்தவரே. யுத்தத்துக்குப் பிறகு பிள்ளைகளின் தொகை பெருகிக்கொண்டே போகவே, பக்கத்து ஊரான நார்த்பீல்டில் இன்னொரு பெரிய கட்டடம் எழுப்பி, 1965-ல் 'நியூ ட்ரியர் மேற்கு' என்று தனிப் பள்ளியாகத் திறந்தார்கள். பிள்ளைகள் குறைந்ததும் 1981-ல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 2001 முதல் அந்தக் கட்டடத்தில் முதல் வருஷத்து மாணவர்கள் படிக்கிறார்கள். இப்போது இரண்டு இடத்திலுமாகச் சுமார் 4,000 பேர் படிக்கிறார்கள்.

'மனத்தை ஆராய்ச்சிக்கும், இதயத்தைக் கருணைக்கும், வாழ்வை மனித குலத்தின் தொண்டுக்கும் ஒப்படைப்பது' என்ற பொருள் உடையது அந்தப் பள்ளியின் இலட்சிய வாக்கியம். இதைவிட உயர்ந்த இலட்சியத்தை எந்தக் குருகுலமும் எழுதி வைக்க முடியாது. இந்த வாக்கியத்தை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

* * *

இனி, பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். எந்தத் தர்ம ஸ்தாபனத்தையும் அறிந்துகொள்ள அதன் வரவு செலவுக் கணக்கைப் போன்ற நல்ல நூல் வேறு கிடையாது.

அமெரிக்கச் சர்க்கார் பள்ளிகளில் பிள்ளைகளிடம் சம்பளம் வாங்குவதில்லை. ராஜ்ய சர்க்கார் ஒரு பகுதி கொடுக்கும். வாஷிங்டன் சர்க்கார் சிறு பகுதி கொடுக்கும். மீதிப் பணம் அந்தந்த ஊரில் உள்ள வீடு, நிலம், கடைகளின் மீது விதிக்கும் சொத்து வரியிலிருந்து வர வேண்டும். இல்லினாய் ராஜ்யத்தில் இந்த மூன்றாவது பகுதிதான் மிகப் பெரியது.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கினால் விளக்குகிறோம். இரண்டு ஊர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஆயிரம் ஆயிரம் பிள்ளைகள். முதல் ஊரில் உள்ள சொத்துக்களின் மதிப்பு 100 கோடி டாலர். இரண்டாவது ஊரில் 10 கோடி டாலர். முதல் ஊரார் நூற்றுக்கு ஒரு டாலர் வரி கொடுத்தால் ஒரு கோடி வசூலாகும். பிள்ளைக்கு 10,000 டாலர். இரண்டாவது ஊரார் அதே விகிதத்தில் கொடுத்தால் பிள்ளைக்குக் கிடைப்பது 1,000 டாலர். பிள்ளைகளின் மேல் உள்ள ஆசையால் அந்த ஏழை ஊரார் நூற்றுக்கு இரண்டு டாலர் கொடுக்கத் துணிந்தாலும் 2,000 டாலர்தான். இரட்டிப்புத் தியாகம் செய்தவன் வீட்டுப் பிள்ளைக்கு ஐந்தில் ஒரு பங்கு படிப்பு! இது யாரோ ஒரு துஷ்டன் செய்த சூழ்ச்சியின் பலன் அல்ல. எல்லாரும் சட்டப்படியே நடந்துகொண்டதன் பலன்.

கதை இத்துடன் நிற்பதில்லை. நல்ல பள்ளிக்கூடம் இருக்கும் ஊரில் வீடு வாங்க எல்லாரும் ஆசைப்படுகிறார்கள். ஆகவே அங்கே வீட்டு விலை ஏறுகிறது. விலை ஏறினால் வரி வசூலும் உயர்கிறது. வசூல் உயர்ந்தால் பள்ளிக்கூடம் மேலும் சிறப்படைகிறது. பள்ளிக்கூடம் சிறந்தால் வீட்டு விலை மறுபடியும் ஏறுகிறது. பள்ளியின் வாசலில் சம்பளம் கேட்பதில்லை என்பது உண்மைதான். அந்தச் சம்பளத்தை வீட்டுக் கிரய பத்திரத்திலேயே வாங்கிவிடுகிறார்கள்.

* * *

வீடு வாங்கப் பணம் இருந்தால் மட்டும் போதுமா? ஒரு காலத்தில் அதுவும் போதாது. அந்த ஏரிக் கரையில் வெள்ளைக்காரர்களுக்கு மாத்திரமே வீடு விற்கலாம் என்ற நிபந்தனையோடு அமைக்கப்பட்ட பேட்டை உண்டு. அத்தகைய நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் அமுல் நடத்தக் கூடாது என்று 1948-ம் வருஷத்தில் அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பத்திரத்திலிருந்து வழக்கொழிந்தது, பழக்கத்திலிருந்து ஒழியவில்லை. வீட்டுத் தரகர்கள் கறுப்பு இனத்தாருக்கு அந்தப் பக்கத்து வீடுகளைக் காட்டாமலே இருந்தார்கள். யூதர்களுக்கும் பல இடங்களில் இதே கதிதான்.

1965-ம் வருஷத்துக் கோடை காலத்தில் அந்த வட்டாரத்திலேயே சில நல்லவர்கள் கிளம்பினார்கள். கல்லூரி மாணவர்கள் பலர் அவர்களுடன் சேர்ந்துகொண்டார்கள். வீடு விற்க விரும்புகிறவர்களிடம் சென்று, "வாங்க வருகிறவர் எந்த இனத்தவராக இருந்தாலும் விற்பீர்களா?" என்று கேட்பது அவர்களுடைய வேலை. தரகர்கள் எந்த ஜனங்களின் பெயரைச் சொல்லிக் கதவை அடைத்தார்களோ, அந்த ஜனங்களையே நேரில் கேட்டுவிடுவது என்று துணிந்தார்கள். அவர்களுடைய அழைப்புக்கு இணங்கி, ஜூலை மாதம் 25-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் வின்னெட்காவின் ஊர்ப் பொதுப் புல்வெளியில் வந்து நின்று பேசினார். ஆயிரக் கணக்கான ஜனங்கள் கூடிக் கேட்டார்கள்.

அதற்குச் சரியாக மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்பு, ஜூலை 4-ம் தேதி, அட்லாண்டா நகரத்தில் தம்முடைய சபையில் கிங் ஒரு பிரசங்கம் செய்தார். அதில் நம் தேசத்துப் பள்ளிக்கூடம் ஒன்று வருகிறது. 1959-ம் வருஷத்தில் அவர் இந்தியாவுக்கு யாத்திரை வந்தபோது, திருவனந்தபுரத்தில், தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்குப் போனாராம். அந்தப் பள்ளியின் தலைமை உபாத்தியாயர் அவரை மாணவர்களுக்கு அறிமுகம் செய்யும்போது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு சகோதரத் தீண்டாதார் என்று சொன்னாராம். கிங்கின் மனம் முதலில் துணுக்குற்றது. பிறகு, தம் தேசத்தில் தம் இனத்தார் வாழும் வாழ்க்கையை எண்ணிப் பார்த்து, 'ஆம், நானும் தீண்டாதவன்தான்' என்று தெளிந்ததாக அந்தப் பிரசங்கத்தில் கூறினார். அந்தத் தெளிவோடுதான் அவர் வின்னெட்காவின் பசும்புல் தரையில் கால் வைத்தார். ஓர் ஊரின் எல்லைக் கோட்டைப் பார்த்து அதன் உண்மைப் பெயரைச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது.

வீட்டு விற்பனையில் இன பேதம் பாராட்டுவது குற்றம் என்று தேசம் முழுவதற்குமான சட்டம் 1968-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், அவர் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குள், நிறைவேறியது. எனினும் நியூ ட்ரியரில் படிக்கும் கறுப்பு இனத்துப் பிள்ளைகளின் தொகை இன்றைக்கும் மிகச் சொற்பமே. வர்ணத்தின் வேலியை எடுத்துவிட்டார்கள். விலையின் வேலி அதே இடத்தில் நிற்கிறது.

* * *

கோர்ட்டுகளை அணுகினால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். அணுகினார்கள். டெக்ஸாஸ் ராஜ்யத்தில் ஸான் அன்டோனியோ நகரத்தைச் சேர்ந்த எட்ஜ்வுட் என்னும் ஏழைப் பேட்டையின் பெற்றோர்கள், பக்கத்திலே அலமோ ஹைட்ஸ் என்னும் செல்வப் பேட்டையின் பள்ளிகளைச் சுட்டிக் காட்டி, 1968-ல் வழக்குத் தொடுத்தார்கள். டெமிட்ரியோ ராட்ரிகெஸ் என்பவர் முதல் வாதி. 1973-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவர்களுக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. கல்வி என்பது தேசத்தின் அரசியல் சட்டம் உத்தரவாதம் செய்யும் உரிமை அன்று. சொத்து வரியில் உள்ள ஏற்றத்தாழ்வை ராஜ்யங்களே கவனித்துக்கொள்ளட்டும் என்பது தீர்ப்பின் தாத்பரியம். மறு வருஷமே டெட்ராய்ட் நகர வழக்கிலும் அதே ஐந்துக்கு நான்கு. இன வேற்றுமையை நீக்குவதற்காக நகரத்துப் பிள்ளைகளையும் புறநகர்ப் பிள்ளைகளையும் ஒரே திட்டத்தில் சேர்க்கும்படி, குற்றம் செய்ததாக நிரூபணமாகாத புறநகர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

1954-ல் இதே சுப்ரீம் கோர்ட்டு, ஒரே குரலாக, வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்ற அநீதியை ஒழித்தது. அதே கோர்ட்டு இருபது வருஷத்துக்குப் பிறகு ஊரின் எல்லைக் கோட்டின் முன் வந்து நின்றுவிட்டது. ஒரே ஊருக்குள் இரண்டு பள்ளி கூடாது. ஆனால் இரண்டு ஊராக இருந்துவிட்டால் ஆட்சேபமில்லை.

1991-ல் ஜானதன் கோஸால் என்னும் ஆசிரியர், தேசத்தின் பள்ளிகளில் உள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சிகாகோவின் ஏழைப் பள்ளிகளுக்கு அருகில் நியூ ட்ரியரைத்தான் அவர் நிறுத்திக் காட்டினார். புத்தகத்தைப் படித்துப் பலர் பெருமூச்சு விட்டார்கள். பெருமூச்சினால் எந்தப் பள்ளியின் கூரையும் செப்பனிடப்படவில்லை.

2008-ம் வருஷம் செப்டம்பர் 2-ம் தேதி ஒரு விசித்திரம் நடந்தது. அன்று சிகாகோ நகரத்துப் பள்ளிகள் திறக்கும் நாள். ஜேம்ஸ் மீக்ஸ் என்பவர் கிறிஸ்துவ பாதிரியார். அப்போது ராஜ்ய சட்ட சபையிலும் அங்கத்தினராக இருந்தார். அவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிகாகோ மாணவர்களைப் பெற்றோர்களுடன் பஸ்களில் ஏற்றி, தங்கள் பள்ளிகளுக்குப் போகாமல், நார்த்பீல்டில் உள்ள நியூ ட்ரியர் கட்டடத்துக்கு அழைத்துச் சென்றார். "எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர்கள் விண்ணப்பப் படிவங்களைப் பூர்த்தி செய்து கொடுத்தார்கள். அப்போது வெளியான கணக்கின்படி நியூ ட்ரியரில் பிள்ளைக்கு வருஷம் சுமார் 17,000 டாலரும், சிகாகோவில் சுமார் 10,400 டாலரும் செலவாகி வந்தன.

ரகளை ஏதும் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தார் மேஜை போட்டு உட்கார்ந்து படிவங்களை மரியாதையாகப் பெற்றுக்கொண்டார்கள். உள்ளூர் ஜனங்களிலும் பலர் வந்தவர்களை வரவேற்றார்கள். ஆனால் அந்த எல்லைக்குள் வீடு இல்லாத பிள்ளையைச் சம்பளமின்றிச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்காது. இது வந்தவர்களுக்கும் தெரியும், வரவேற்றவர்களுக்கும் தெரியும். பிள்ளைகள் அந்தக் கட்டடத்தைப் பார்த்தார்கள். பஸ் ஏறித் திரும்பிப் போனார்கள். சில தினங்களில் பள்ளி மறியலும் முடிவடைந்தது. வாசல் வரையில் அன்பும் வாசலில் சட்டமுமாக இருந்த அந்தக் காட்சியைக் காட்டிலும், பொறாமையும் கைகலப்புமாக ஏதாவது நடந்திருந்தால்கூட மனத்துக்கு அவ்வளவு வேதனையாக இராது என்று தோன்றுகிறது.

* * *

நியூ ட்ரியர்வாசிகளின் கட்சியையும் சொல்லிவிடுவது நியாயம். "எங்கள் பிள்ளைகளுக்காக எங்கள் மீது நாங்களே வரி விதித்துக்கொள்கிறோம். அதில் என்ன தவறு?" என்கிறார்கள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செலவு செய்கிறவர்களும் அல்லர். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க 17 கோடியே 40 லட்சம் டாலர் வேண்டுமென்று 2010-ல் கேட்டபோது, வாக்காளர்கள் முடியாது என்றார்கள். திட்டத்தைச் சுருக்கி 8 கோடியே 90 லட்சம் என்று 2014-ல் மறுபடி கேட்டபோதுதான் சம்மதித்தார்கள். 2017-ல் புதிய பகுதி திறக்கப்பட்டது. பெற்ற பிள்ளைக்கு நல்லது செய்வதைப் பாவம் என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. பள்ளிக்கூடத்தைத் தன்னுடையது என்று எண்ணும் ஊர் இல்லாவிட்டால் எந்தச் சட்டத்தாலும் நல்ல பள்ளிக்கூடத்தை உண்டாக்க முடியாது என்பதும் உண்மை.

ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு. அந்த ஊரார் வரி கொடுக்கும் பணம் எங்கே சம்பாதித்தது? பெரும்பாலும் சிகாகோ நகரத்திலே சம்பாதித்தது. காலை ரயில் அங்கேதான் போயிற்று. நகரத்தில் விளைந்த செல்வத்தை மாலை ரயிலில் எல்லைக்கு இப்பால் கொண்டுவந்து, இங்கே வரி கொடுத்து, இங்கே உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் செலவிடும்போது, அந்தச் செல்வம் விளைந்த மண்ணின் குழந்தைகளுக்கு அதில் பாத்தியதை இல்லையா? எல்லைக் கோடு பணத்தை உள்ளே விடுகிறது, பிள்ளைகளைத்தான் நிறுத்திவிடுகிறது.

ஒரு பழைய மாணவர் விஷயத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1977-ல் நியூ ட்ரியரில் படித்துத் தேறிய ராம் இமானுவெல், 2011 முதல் 2019 வரை சிகாகோ நகரத்தின் மேயராக இருந்தார். 2013-ல் அவருடைய நிர்வாகம், பணமும் இல்லை பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள் என்ற காரணம் காட்டி, நகரத்தில் சுமார் 50 பள்ளிகளை மூடிவிட்டது. மூடப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பு இனத்துப் பிள்ளைகள். காரணங்கள் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் ஏரிக் கரையில் ஊர் கூடி எழுப்பிய பள்ளியில் படித்தவர் தலைமையிலேயே அது நடந்தது என்பதைச் சரித்திரம் எழுதி வைத்துக்கொண்டது.

இருட்டிலேயே கதையை முடிக்க வேண்டிய அவசியம் இல்லை. 2017-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இல்லினாய் ராஜ்யத்தில் ஒரு புதிய சட்டம் அமுலுக்கு வந்தது. அதில் கையெழுத்திட்ட அப்போதைய கவர்னர் ப்ரூஸ் ரௌனர், வின்னெட்காவில் வீடு உடையவராக இருந்தார்! அந்தச் சட்டத்தின்படி, ஒவ்வோர் ஊரின் பிள்ளைகளுக்கும் சரியான படிப்புக் கொடுக்க என்ன செலவாகும் என்று முதலில் கணக்கிடுகிறார்கள். எந்த ஊர் அந்தக் கணக்குக்கு மிகவும் கீழே இருக்கிறதோ, ராஜ்யத்தின் புதுப் பணம் முதலில் அங்கே போக வேண்டும். வருஷந்தோறும் 35 கோடி டாலராவது புதிதாகச் சேர்க்க வேண்டும் என்பது குறிக்கோள். செல்வ ஊர்களிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. ஏழை ஊர்களை மேலே தூக்க முயல்கிறார்கள். வேகம் போதாது என்று சொல்கிறவர்கள் பலர். அது சரியே. சொத்து வரி இன்னும் சிம்மாசனத்தில்தான் இருக்கிறது. ஆனாலும், பக்கத்து ஊர்ப் பிள்ளையின் படிப்புக்கு நாமும் பொறுப்பு என்று ஒரு ராஜ்யம் சட்டப் புத்தகத்தில் எழுதிவிட்டது அற்ப விஷயம் அன்று. பஸ்ஸில் வந்து படிவம் கொடுத்துவிட்டுத் திரும்பிய அந்த ஆயிரம் பிள்ளைகளின் கேள்விக்கு, ஒன்பது வருஷம் கழித்து வந்த முதல் பதில் அது.

'இதயத்தைக் கருணைக்கும், வாழ்வை மனித குலத்தின் தொண்டுக்கும்' என்ற வாக்கியத்தை நினைவில் வைத்திருக்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொண்டோம் அல்லவா? அதில் 'டவுன்ஷிப்பின் எல்லைக்குள்' என்ற சொற்கள் இல்லை. எழுதியவர்கள் மறந்துவிட்டு விட்டார்கள் என்று நாம் நினைக்கவில்லை. தெரிந்தேதான் அப்படி எழுதியிருக்கிறார்கள். தாங்கள் வரைந்த எல்லையைத் தங்கள் பிள்ளைகளாவது தாண்டட்டும் என்ற ஆசையுடன் எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளைப் படிக்க வைப்பதன் பலன் அதுவே. ஊர் வளர்த்த பள்ளிக்கூடம் ஒரு நாள் ஊரையும் வளர்க்கும் என்று நம்புவோமாக!